மேற்படியார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, சாப்பாட்டு மேசைமேல் ஒரு புது ஃபைலை வைத்து, அதன் நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, சூப்பிரண்டு தன் முடிவை அறிவித்தார்.

“இன்னையிலேருந்து அப்பா விஷயம் என் பொறுப்பு.”

ஈரத் துணியோடு போய்க்கொண்டிருந்த மனைவி நின்றாள்.

“எந்த விஷயம்?”

“முழு விஷயமும்.”

“நல்லதாப் போச்சு. பெட்ஷீட் ரெண்டு ஊறிட்டிருக்கு. அலசிப் போட்டுடுங்க.”

“அது உன் விஷயம். நான் சொல்றது நிர்வாகம்.”

“ஓ,” என்றாள் அவள். பெட்ஷீட்டை அலசப் போய்விட்டாள்.

சூப்பிரண்டு என்பது அவர் பார்த்த பதவி. முப்பத்துநாலு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து, வருகிற காகிதத்துக்கும் போகிற காகிதத்துக்கும் எண் போட்டவர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு காலி உறைகூட வெளியே போனதில்லை. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பதவி போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றவர்கள் சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் காலாற நடப்பார்கள். இவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கிளை அலுவலகம் திறந்தார். கீழே வேலை பார்க்கத்தான் ஆள் இல்லை. மனைவியை நியமித்துப் பார்த்தார். அவள் வந்து சேரவில்லை.

அப்பா பின்னறையில் இருந்தார். வயது எண்பத்துமூன்று. ஒரு காலத்தில் பேர்போன தையல்காரர். ஆளை வாசலில் பார்த்தாலே தோளளவு சொல்லிவிடுவார். இருபது மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கத்தை முடக்கிவிட்டது. பேச்சும் குறைந்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான் பேசுவார். புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கு என்று தூக்கி இறக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். இதையெல்லாம் செய்துவந்தது மருமகள்.

அந்தத் தூக்கலில்தான் அவளுடைய வலது தோள் போயிற்று. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்தால் ஆறு வாரம் கை கட்டுக்குள் இருக்கும், ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. செய்யாவிட்டால் அந்தக் கை இனி தோளுக்கு மேல் எழும்பவே எழும்பாது. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடி அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த ஆறு வாரம் மாமாவ யாரு பாத்துப்பாங்க?”

முதல்முறையாகச் சூப்பிரண்டுக்குப் பயம் வந்தது. மனிதர் வாய்ச்சொல் வீரர்தான், ஆனால் கல் மனசு இல்லை. மனைவியின் கை போய்விடக் கூடாது என்று மனதாரத்தான் அந்த ஃபைலைத் திறந்தார். அதன் முதல் தாளில் முத்து முத்தாக எழுதினார்.

“தேவை: நம்பகமான ஓர் ஆள். ஆணாக இருத்தல் நலம். வீட்டிலேயே தங்க வேண்டும். பெரியவரின் குணம் தெரிந்து நடக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது.”

மனைவி வாங்கிப் படித்தாள். தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். திரும்பத் தாளைப் பார்த்தாள்.

“இப்படி ஒரு ஆள் கிடைப்பாரா?”

“தேடற விதத்துல தேடினா கிடைப்பார். எங்கேயாவது இருப்பார்.”

“இருப்பார்,” என்றாள் அவள்.

மூன்று வாரம் தேடினார். மருத்துவமனைக்குப் போன் போட்டார். இதெல்லாம் முதியோர் நலப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். முதியோர் நலப் பிரிவில் மதியம் கூப்பிடச் சொன்னார்கள். மதியம் கூப்பிட்டால், இதை மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் தேதி, நேரம், பேசியவர் குரல் எப்படி இருந்தது என்பது உட்படக் குறித்துக்கொண்டார். ஃபைல் தடித்தது. ஆள் கிடைக்கவில்லை. ஒரே ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தார். நல்ல பலசாலி. அப்பாவைப் பெட்டி தூக்குவதுபோல் ஒரே மூச்சில் தூக்கி நாற்காலியில் போட்டுவிட்டு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை, சாப்பாட்டுக்குக்கூட. அடுத்த நாள் அந்த ஆளை வர வேண்டாம் என்று மருமகளே சொல்லிவிட்டாள்.

கடைசியில் மருந்துக் கடைக்காரர்தான் வழி சொன்னார். பின்தெருவில், சலவைக் கடைக்கு மேல் மாடியில், வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்றே ஓர் உதவி மையம் இருக்கிறதாம். மூன்று வாரமாக ஊரையே போனில் சுற்றியவருக்கு அது வீட்டிலிருந்து நாலு நிமிட நடை. போய் ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தார். எட்டுப் பக்கம்.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த களையைச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அந்தக் களை இல்லை. மேசையைத் துடைக்கச் சொன்னார். நீல மை, கறுப்பு மை இரண்டும் எடுத்தார். குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் ‘மேற்படியார்’ என்று எழுதினார். தொடர்புக்கு உரியவர், மேற்படியார். முடிவெடுப்பவர், மேற்படியார். கவனித்துக்கொள்பவர் என்ற இடம் வந்தது. பேனா நிற்கவேயில்லை. மேற்படியார்.

தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

“மேற்படியார்னா நீங்கதானே?”

“வேற யாரு?”

“கவனித்துக்கொள்பவர்னு கேட்டிருக்காங்க.”

“கண்ணு தெரியுது. ஒரு வீட்டுல எல்லாத்தையும் கவனிச்சுக்கிறது யாரு? குடும்பத் தலைவர். அதுவும் இல்லாம, ஃபாரத்துல ரெண்டு பேரு வந்தா குழப்பம். எவனாவது கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவான்.”

அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

“அழகா எழுதியிருக்கீங்க. கையெழுத்தப் போட்டுடுங்க.”

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. போட்டுவிட்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. மையம் உதவத் தயார். குளியல் நாற்காலி தருவார்கள், தூக்குவதற்கான இடுப்புப் பட்டை தருவார்கள், வாரம் இருமுறை ஒரு தொண்டரை அனுப்புவார்கள், எந்தச் சந்தேகத்துக்கும் போனில் பேசுவார்கள். அதற்குக் கவனித்துக்கொள்பவர் ஆறு சனிக்கிழமை நேரில் வந்து பயிற்சி பெற வேண்டும். தமக்குப் பதில் வேறு ஆளை அனுப்பக் கூடாது.

சூப்பிரண்டு கடிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

“இந்தா, உனக்கு வந்திருக்கு.”

“என் பேரு எங்க இருக்கு?”

“பேரு இல்லைன்னா என்ன? பாத்துக்கிறது நீதானே.”

“நீங்க எழுதினதுல அப்படி இல்லையே.”

“சரி, தப்பா எழுதிட்டேன்னு போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. முப்பத்துநாலு வருஷம் தபால் பிரிவுல இருந்தவரு, ஒரு ஃபாரத்தத் தப்பா நிரப்பிட்டேன்னு சொல்லுங்க. யாரு சிரிக்கப் போறா?”

சனிக்கிழமை காலை சூப்பிரண்டு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனார்.

மாடியில் ஒரு நீள அறை. நடுவில் ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி. சுற்றிப் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் பெண்கள். ஆண் என்று இவரும், மூலையில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரும். பயிற்சி தருகிற அம்மாள் முன்னாள் நர்ஸ். அதட்டாமலே எல்லாரையும் அடங்க வைக்கிற குரல்.

“அப்பாவ நீங்களே பாத்துக்கிறீங்களா சார்?”

“ம்,” என்றார் சூப்பிரண்டு. அது ஆமாம் இல்லை. இல்லை என்பதும் இல்லை. தபால் பிரிவில் பழகிய பதில்.

“பாருங்க, மகனே பண்றாரு!” என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி கை தட்டினாள். சூப்பிரண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரவாயில்லை, ஆறு சனிக்கிழமைதானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குளிர்ச்சி இரண்டு நிமிடம் நீடித்தது.

“அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்க?”

“நேரா.”

“எப்பவுமேவா?”

“ஒழுக்கமான மனுஷன்.”

“தண்ணி குடிக்கும்போது இருமல் வருதா?”

சூப்பிரண்டு யோசித்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தன் தகப்பன் தண்ணீர் குடிப்பதைத் தான் எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று யோசித்தார்.

“முதுகுத் தோல எப்ப பாத்தீங்க? எங்கேயாவது சிவந்திருக்கா?”

அதற்கு ‘ம்’ போதாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் மேற்கொண்டு குடையவில்லை. எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை, வீட்டுப் பெரியவருக்கு நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தார்.

“அப்பா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?”

“பாத்து எழுதுங்க,” என்றாள் மனைவி.

“சொன்னா எழுதிக்கப்போறேன்.”

“நிர்வாகம் நேர்ல வந்து ஆய்வு பண்ண வேண்டாமா?”

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சூப்பிரண்டு அப்பா அறையில் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கைக்கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்தார்.

ஆறு பத்துக்கு அவள் உள்ளே வந்தாள். ஜன்னலைத் திறந்தாள். மாமா என்று ஒரு குரல் கொடுத்தாள். அப்பாவின் நல்ல கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, குனிந்து, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணினாள். மூன்று என்று சொல்லவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார்.

சூப்பிரண்டு எழுதினார்: ‘6.20. எழுப்புதல்.’ எழுதிவிட்டுப் பார்த்தார். அந்தக் கடித்த உதடு அதில் இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

‘6.35. கழிவறை.’ அதற்கு ஒரு தூக்கல், திரும்ப ஒரு தூக்கல். ‘7.00. கஞ்சி.’ தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தது. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடித்தாள், நின்றது. காலை பதினொரு மணிக்குள் அவள் அவரை ஒன்பது தடவை தூக்கியிருந்தாள். சூப்பிரண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்பதுதான். எட்டு மாதமாக அடுத்த அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த எட்டு மாதத்திலும் தினமும் காலையில் ஒன்பது. இருபது மாதத்துக்கு முன்னால்வரை இந்தப் பெண்பிள்ளை ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள், காலையில் அவருக்கு முன்னாலேயே கிளம்பிப் போவாள் என்பதுகூட அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. வேலையை விட்ட அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. என்ன சொன்னாய் என்று கேட்டவனுக்குத்தானே ஞாபகம் இருக்கும்.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். சோப்பு இன்னும் போடவேயில்லை. மருமகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கை போன போக்கில் முதுகைத் தேய்த்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கே அளவெடுத்துச் சட்டை தைத்துப் போட்ட மனிதர். வீட்டு வாசலில் மேல்சட்டை இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்தது கிடையாது. இருபது மாதமாகத் தினமும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது மாதமாக அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சூப்பிரண்டுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. நோட்டில் அந்த நேரத்துக்கு நேராக ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமைகளில் மனிதர் வேறு மாதிரி போனார். நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கக் கற்றுக்கொண்டார். இடுப்புப் பட்டையை எங்கே பிடிப்பது, சக்கர நாற்காலியை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, பிரேக்கை முதலில் போடுவது, எதைச் செய்வதற்கு முன்னாலும் பெரியவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது. இடைவேளையில் வாட்ச் ரிப்பேர்காரர் பக்கத்தில் வந்து உட்கார்வார். அவர் வீட்டில் நோயாளி அவருடைய மனைவி. மறதி நோய்.

“என்னை யாருன்னு கேப்பா சார். வாட்ச் ரிப்பேர்காரன்னு சொல்வேன்.”

“உங்க புருஷன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஆரம்பத்துல சொன்னேன். பயந்துட்டா. வாட்ச் ரிப்பேர்காரன்னா பயப்பட மாட்டேங்கிறா. ‘எங்க வீட்டுக்காரர் வந்ததும் உங்கள அனுப்பச் சொல்றேன், அதுவரைக்கும் இருங்க’ம்பா. இருக்கேன்.” அவர் டீயைக் குடித்தார். “வாரம் ரெண்டு தடவை தொண்டர் வருவாங்க. அப்ப மூணு மணி நேரம் கடையில போய்ச் சும்மா உக்காந்திருப்பேன். ஒரு வாட்ச்சையும் தொட மாட்டேன். அந்த மூணு மணி நேரம் இல்லைன்னா நான் இல்ல சார். உங்களுக்கும் கேட்டு வாங்கிக்குங்க. வேண்டாம்னு வீறாப்பா இருக்காதீங்க.”

சூப்பிரண்டு தன் டீயைக் கீழே வைத்தார். தனக்கு அந்த மூணு மணி நேரம் இருபது மாதமாக முழுநேரமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலாவது சனிக்கிழமைக்கு மறுநாள் குளியல் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். மனைவியைக் குளியலறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

“அப்பா, இப்ப தண்ணி ஊத்தப்போறேன்.”

அப்பா மூடிய கண்ணைத் திறந்தார்.

“நீயா?”

“நான்தாம்பா. சூடு சரியா இருக்கா?”

“அவ?”

“வெளிய நிக்கிறா. இனிமே நான்தான்.”

அப்பா வார்த்தையைத் தேடிப் பிடித்தார்.

“சோப்பு... கண்ணுல... போடாத.”

போடாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் கண், மூக்கு, காது எல்லாவற்றிலும் போட்டார். அப்பா திட்டினார். பக்கவாதம் வந்த பிறகு அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். துடைத்துவிட்டுச் சட்டை மாட்டிவிட்டார். அப்பா நல்ல கையால் மார்பைத் தடவிப் பார்த்தார்.

“பட்டன்... ஒண்ணு தள்ளிப் போட்டிருக்க.”

“மாத்திடறேம்பா.”

“இருக்கட்டும்.” அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சோப்பு போய்ச் சேர்ந்ததனாலா என்று கேட்க மகனுக்குத் தைரியம் இல்லை. அவர் கண்ணிலும் வழிந்தது, அவர் கண்ணில் சோப்பு இல்லை. கதவைத் திறந்தபோது மனைவி இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தரையெல்லாம் தண்ணி. யாரு துடைப்பா?” என்றாள்.

“நிர்வாகம் துடைக்கும்,” என்றார் சூப்பிரண்டு.

ஆறாவது சனிக்கிழமை சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் பெண்கள் மறுபடி கை தட்டினார்கள். சூப்பிரண்டால் பொறுக்க முடியவில்லை. சான்றிதழை வாங்காமல் நின்றார்.

“நான் ஒரு விஷயம் சொல்லணும். ஃபாரத்துல நான் எழுதினது பொய். எங்கப்பாவ இத்தனை நாளா பாத்துக்கிட்டது நான் இல்ல. என் சம்சாரம். நீங்க கை தட்ட வேண்டியது அவளுக்கு. இந்தச் சான்றிதழ அவ பேருக்கு மாத்தி எழுதிக் கொடுங்க.”

அறை வாயடைத்துப் போகும் என்று எதிர்பார்த்தார். ஒருத்தி வேர்க்கடலையை மென்றுகொண்டே இருந்தாள். பயிற்சி அம்மாள் சிரித்தாள்.

“தெரியும் சார். முதல் நாளே தெரியும்.”

“எப்படி?”

“ஒழுக்கமான மனுஷன், நேராத்தான் படுப்பார்னு சொன்னீங்களே. அது மட்டும் இல்ல. ஃபாரம் வந்த அன்னைக்கே உங்க வீட்டம்மா போன் பண்ணிட்டாங்க. ‘அவரு எங்க கோடு போட்டிருந்தாலும் அவர் பேரத்தான் எழுதுவாரு. தயவுசெஞ்சு திருத்திடாதீங்க, அப்படியே சேத்துக்குங்க’ன்னாங்க. நாங்க திருத்தறதே இல்ல சார். வருஷத்துக்கு ஏழெட்டு மேற்படியார் வராங்க. இப்படித்தான் எங்களுக்கு ஆம்பளைங்க கிடைக்கிறாங்க.”

மூலையில் வாட்ச் ரிப்பேர்காரர் இரண்டு கையாலும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து சூப்பிரண்டு இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியும் கேட்கவில்லை. சான்றிதழை அப்பாவிடம் காட்டினார். அப்பா ஓரத்தைத் தடவி, “நல்ல... பேப்பர்,” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனைவி வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஆறு வாரம் அந்த வீட்டில் சூப்பிரண்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்ததில்லை. பெட்ஷீட் அலசினார். தண்ணீரை ஒழுங்காகப் பிழியத் தெரியாமல் கொல்லைப்புறத்தையே ஈரமாக்கினார். அப்பாவின் மாத்திரைகளை வேளைவாரியாகச் சின்ன டப்பாக்களில் போட்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். ஒரு நாள் அப்பாவின் குதிகால் சிவந்திருக்கவே, பதறி மையத்துக்குப் போன் செய்தார். குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்காமல் கெண்டைக்காலுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். மூன்று நாளில் சரியானது. அந்த மூன்று நாளும் வேலை ஓடாமல் மணிக்கொரு தரம் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் தொண்டர் அம்மாள் வந்து அப்பாவோடு உட்கார்வாள். அப்போது சூப்பிரண்டு சலவைக் கடைப் படியில் போய் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் வருவார்.

கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வையுங்க.”

“தெரியும். சான்றிதழ் வாங்கினவன் நான்.”

“சான்றிதழ் இடுப்பு வலிக்கு உதவாது. அகட்டுங்க.”

அகட்டினார். வலிக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் கட்டை அவிழ்த்தார். மெதுவாகத் தூக்கச் சொன்னார். கை எழுந்தது. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. உச்சிக்கு மேல் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், இறக்க மனம் இல்லாதவள்போல. சூப்பிரண்டு டாக்டர் முன்னிலையில் மூக்கைச் சிந்திக்கொண்டார். சந்தோஷம்தான். கொஞ்சம் களைப்பும்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஃபைலிலிருந்து நாலு தாளை எடுத்து வைத்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கை’ என்று இருந்தது. அலுவலகத்தில் ஓர் அதிகாரி போய் இன்னொருவர் வரும்போது எழுதுகிற வழக்கம். பதினெட்டு இனங்கள். மாத்திரை, குதிகால், இருமல், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதற்குச் சிரிப்பார், எல்லாம் இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒப்படைப்பவர் என்ற இடத்தில் போட்டாயிற்று. பெறுபவர் என்ற இடம் காலி.

“படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு,” என்றார். “ஓடிப்போக மாட்டேன். குளிப்பாட்டறது என்னைக்கும் நான்தான். மத்தது பழையபடி நீ.”

அவள் நாலு தாளையும் நிதானமாகப் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“என்னால வாங்கிக்க முடியாதுங்க. திங்கட்கிழமை வேலையில சேரணும்.”

“என்ன வேலை?”

அவள் ஓர் உறையை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூட ஆய்வகம். பழைய வேலையே. நியமன உத்தரவு, முத்திரையோடு. சூப்பிரண்டு பழக்கத்தில் முதலில் எண்ணையும் தேதியையும் சரிபார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன.

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

பின்னறையிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாக, அப்பாவின் குரல் வந்தது.

“நான்தான்... போகச்... சொன்னேன்.”

சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நம்பகமான ஆள்; ஆண்; வீட்டிலேயே தங்குகிறவர்; வேறு வேலை இல்லாதவர். ஃபைலைத் திறக்காமலே அந்த முதல் தாள் அவர் கண்முன் வந்து நின்றது.

“எப்ப விண்ணப்பம் போட்ட?”

“ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வாரம். நாலு பக்கம். நானேதான் எழுதினேன்.”

“எப்படி எழுதியிருப்ப? கை கட்டுல இருந்ததே! ஆறு வாரமும் மூணு வேளை நான்தானே உனக்கு ஊட்டிவிட்டேன்?”

“வலது கையத்தானே கட்டினாங்க,” என்றாள் அவள்.